கிருஷ்ணகிரியில் இருந்தபடி கிரீன் பே பேக்கர்ஸ்: கேம் பாஸ் காசுக்குத் தகுமா?

அமெரிக்காவின் கிரீன் பே ஊரைச் சேர்ந்த அமெரிக்கக் கால்பந்து அணி பேக்கர்ஸ். அது ஆடும் என்.எஃப்.எல். லீகின் ஆட்டங்களைப் பார்க்கும் சந்தா கேம் பாஸ். முதலிலேயே சொல்லிவிடலாம்: தகும். நேரலைக்கு என்று மட்டும் வாங்கினால் பாதிக் காசு வீண். முழு ஆட்டத்தையும் 40 நிமிடத்தில் காட்டும் சுருக்கத்துக்கு என்று வாங்கினால் கொடுத்த காசுக்குக் குறைவிருக்காது.

என்.எஃப்.எல். கேம் பாஸ் 2023 முதல் டாசோன் என்ற விளையாட்டு ஒளிபரப்புச் செயலிக்குள் வருகிறது. நேரலை, முழு ஆட்டத்தின் மறுஒளிபரப்பு, சுருக்கம், ஞாயிறு ஆட்டங்களுக்கிடையே தாவித் தாவிக் காட்டும் ரெட்ஸோன் எல்லாம் உண்டு. கடிகாரக் கணக்கில் 60 நிமிட ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து நிஜமாக ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம். மீதி, வீரர்கள் கூடிப் பேசுவதும் விளம்பரமும். சுருக்கம் அந்த இடைவெளிகளை வெட்டிவிடுகிறது.

நேரக் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிரீன் பேயில் ஞாயிறு மதியம் 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 10.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அது 11.30 ஆகிவிடும். பிற்பகல் ஆட்டம் நள்ளிரவு தாண்டி 1.55, பிறகு 2.55. அதற்கெல்லாம் கண் விழிக்க வேண்டாம். அவர்களுடைய ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50 அல்லது 6.50, ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தோதான நேரம்.

மொபைல் டேட்டாவில் எச்டி தரம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி தின்னும். நாளுக்கு 2 ஜிபி தரும் பேக் முதல் குவார்ட்டர் (ஆட்டத்தின் முதல் கால் பகுதி) முடிகிற நேரத்திலேயே காலி. 10.30 ஆட்டத்தில் ஒரு வசதி: நள்ளிரவில் அடுத்த நாள் கணக்கு தொடங்கிவிடும். தரத்தைக் குறைத்து வைத்தால் இரண்டு நாள் டேட்டாவில் முழு ஆட்டமும் அடங்கும். ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு வேகம் பிரச்சினை இல்லை, கரண்ட்தான் பிரச்சினை. அக்டோபரில் ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இடி இடித்தால் போதும். ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கும்முன் அடாப்டரின் முதுகைப் பாருங்கள்: 12 வோல்ட் பொதுவானது, 1 ஆம்பியரா 2 ஆம்பியரா என்பதுதான் மாறும். 2 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்பியர் யூபிஎஸ் போட்டால் ரவுட்டர் அணைந்து அணைந்து எரியும்.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தானாகப் புதுப்பிப்பதை வாங்கிய அன்றே நிறுத்திவிடுவது நல்லது. மறுநாள் சுருக்கம் பார்ப்பவர்கள் போனில் ஸ்கோர் அறிவிப்பை அணையுங்கள், யூடியூப் பக்கமே போகாதீர்கள்; ஹைலைட்ஸ் வீடியோவின் முகப்புப் படமே முடிவைச் சொல்லிவிடும்.

இனி அணி. 1919-இல் கர்லி லாம்போவும் ஜார்ஜ் கால்ஹூனும் தொடங்கியது. ஜெர்சிக்குப் பணம் கொடுத்த இறைச்சி பேக்கிங் கம்பெனியால் வந்த பெயர் பேக்கர்ஸ். ஓசூரைவிடச் சின்ன ஊர் கிரீன் பே, ஆனால் அணியின் மைதானமான லாம்போ ஃபீல்டில் 81,441 பேர் உட்காரலாம். முதலாளி கிடையாது. 1923 முதல் பங்குதாரர்களின் சொத்து, இன்று அவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். நம் ஊர் பால் சொசைட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் போனஸ் கிடையாது, டிவிடெண்டும் கிடையாது, பங்கை லாபத்துக்கு விற்கவும் முடியாது. காகிதம் மட்டும் கையில். 13 சாம்பியன் பட்டம், லீகிலேயே அதிகம். வின்ஸ் லோம்பார்டி பயிற்சியில் 1961 முதல் 1967 வரை மட்டும் ஐந்து. கடைசிப் பட்டம் 2010 சீசனில், அதன்பின் வறட்சி.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பேக்கர்ஸில் அந்த இடத்தில் 1992 முதல் பிரெட் ஃபார்வ், 2008 முதல் ஆரன் ராட்ஜர்ஸ், 2023 முதல் ஜோர்டன் லவ். முப்பது வருடத்துக்கு மேல் பிரதான குவார்ட்டர்பேக் மூன்றே பேர் என்பது மற்ற அணிகளுக்குப் பொறாமைப்படும் விஷயம். எனவே தாக்குதலில் கவலை குறைவு. சிக்கல் தடுப்பில். 2025 ஆகஸ்டில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் தடுப்பு வீரர் மைக்கா பார்சன்ஸை வாங்க, கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் 2026, 2027 இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகளையும் தடுப்பு வீரர் கென்னி கிளார்க்கையும் டல்லாஸ் அணிக்குக் கொடுத்தார்கள். டிசம்பர் 14 அன்று டென்வரில் பார்சன்ஸின் முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. அந்த ஆட்டத்தையும் சேர்த்து வழக்கமான சீசனின் கடைசி நான்கும் தோல்வி; மொத்தக் கணக்கு 9 வெற்றி, 7 தோல்வி, 1 டிரா. பிளே-ஆஃபில் சிகாகோவிடம் 21-3 என்று முன்னிலையில் இருந்து 31-27 என்று விட்டார்கள். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்த ஆள் இல்லாத தடுப்பு கடைசிக் குவார்ட்டரில் எப்படி உடையும் என்பதற்கு அந்த ஆட்டம் பாடம்.

ஏசிஎல் அறுவைக்குப் பின் களம் திரும்ப வழக்கமாக 9 முதல் 12 மாதம். எனவே சீசன் தொடங்கும் 2026 செப்டம்பரில் பார்சன்ஸை எதிர்பார்க்க வேண்டாம். டைட் எண்ட் (பந்தைப் பிடிக்கவும் எதிரணியைத் தடுக்கவும் நிற்பவர்) டக்கர் கிராஃப்டுக்கும் 2025 நவம்பரில் இதே காயம். முதல் சுற்றுத் தேர்வு இல்லாததால் பார்சன்ஸின் இடத்தை நிரப்பும் புதுப் பையனும் வரமாட்டான். முதல் ஆறு வாரம் அணி தடுமாறும், நவம்பருக்குப் பிறகு சூடு பிடிக்கும் என்பது எங்கள் கணிப்பு. பிளே-ஆஃப் நுழைவு நியாயமான எதிர்பார்ப்பு, பட்டம் அல்ல. குறுகிய காலத் திட்டம் கிடைத்தால் அக்டோபர் கடைசியில் எடுங்கள். அதுவரை யூடியூபில் லீக்கே போடும் இலவச ஹைலைட்ஸ் போதும்.