பார்கின்சன் ஆய்வு: குரங்கா, தட்டில் வளர்த்த நரம்பணுவா?

1982இல் கலிபோர்னியாவில் கலப்படப் போதைமருந்து ஏற்றிக்கொண்ட சிலர், உடல் விறைத்து இயக்கம் மந்தமாகும் பார்கின்சன் நோயாளிகளைப் போலவே, திடீரென உடல் இறுகி அசைவற்றுப் போனார்கள். காரணம், எம்.பி.டி.பி. என்ற நச்சு. குரங்குக்குச் செலுத்தினாலும் அதே விறைப்பும் மந்தமும் வருகின்றன. பெரிய எலிகள் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. 1990இல் இத்தகைய குரங்குகளின் சப்தலாமிக் கருவை (அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைச் சுற்றின் ஒரு சிறு பகுதி) சிதைத்தபோது அறிகுறிகள் தணிந்தன. இன்று நோயாளிகளுக்கு அதே இடத்தில் மின்தூண்டலுக்கான மின்முனை வைக்கப்படுகிறது. நடை, விறைப்பு, மூளைச் சுற்று ஆகியவற்றை ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் பார்க்க முடியாது.

ஆனால் விலங்கு படும் பாடு பெரிது. நச்சு உடல் முழுக்கப் பரவினால் மூளையின் இருபுறமும் கெடும். தானாகச் சாப்பிட முடியாமல் குழாய்வழி உணவு தர நேரிடும். ஒருபக்கக் கழுத்துத் தமனியில் மட்டும் செலுத்தினால் ஒரு கையாவது இயங்கும். செய்தே ஆகவேண்டுமென்றால் இந்த முறைதான் சரி. இன்னொரு குறை: பாதிப்பு சில நாட்களில், வாரங்களில் வந்துவிடுகிறது; மனித நோயைப் போல ஆண்டுக்கணக்கில் வளர்வதில்லை. நோயாளிகளின் நரம்பணுக்களில் காணப்படும் லூயி திரள்கள் என்ற புரதக் கட்டிகளும் பெரும்பாலும் உருவாவதில்லை.

நோயாளியின் தோல் செல்லை எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணுவாக்கி, சில வாரங்களில் டோபமின் நரம்பணுவாக (இந்நோயில் அழியும் வகை) வளர்த்தால் மரபுக் கோளாறு அப்படியே இருக்கும், நச்சு தேவையில்லை. ஆனால் வளர்ப்பில் சேர்க்கும் சமிக்ஞை மருந்தின் அளவு பிசகினால் மூளையின் வேறு பகுதிச் செல்லாகிவிடும். குருத்தணுவாக்கும்போதே முதுமையின் தடயங்களும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனாலும் பல மருந்துகளிலிருந்து பலன் தரக்கூடியவற்றை முதற்கட்டமாகச் சலித்தெடுக்கக் குரங்கைத் தொடவே வேண்டாம்.

வளர்த்த நரம்பணுக்களை மூளையில் பொருத்தும் செல் மாற்று சிகிச்சையின் கதை வேறு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு மனிதக் குருத்தணுவில் உருவாக்கிய நரம்பணுக்களைக் குரங்குகளில் பொருத்தி, இரண்டு ஆண்டுவரை கட்டி வருகிறதா என்று கவனித்தது. 2018இல்தான் மனிதரிடம் சோதனை தொடங்கியது.