ஆய்வுக்கா, புலமைப்பரிசிலுக்கா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு நன்கொடை வழங்க விரும்பும் நிறுவனத்தார் பலர் இந்தக் கேள்வியில்தான் தயங்குகிறார்கள்.

செலவு: அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிப் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. புலமைப்பரிசில் சோற்றுக்கும் அறை வாடகைக்கும்தான். சிறு தொகையும் உதவும்.
ஆய்வுக்குக் கருவி, இரசாயனம், உதவியாளர் சம்பளம் என்று பெருந்தொகை வேண்டும்.

பலன்: மதியத்தைப் பணிசோடும் தேநீரோடும் முடித்த மாணவி, காசு வந்த அன்றே சோற்றுப் பொதி வாங்குவாள்.
ஆய்வு பொறுமை கேட்கும். ஆனால் ஒரு நுணுக்குக்காட்டியில் பல அணி மாணவர்கள் பழகுவார்கள்.

ஆண்டுதோறும் கொடுக்க முடிந்தால் புலமைப்பரிசிலே என் தெரிவு. இடையில் நிறுத்தினால் பிள்ளை பாதிவழியில் தவித்துப்போகும். அதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.
ஒருமுறை மட்டும் என்றால் ஆய்வுக் கருவி வாங்கிக் கொடுங்கள். சித்த மருத்துவ பீடத்தின் மூலிகை ஆய்வுக்கும் அது பயன்படும். முடிவு எப்படி வரவேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள்.