ஐயா காலில் பூட்ஸ் மாட்டிவிட்ட ஸ்டுடியோ

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் பழைய போட்டோக்களைப் புதுப்பித்துத் தரும் ஒரு ஸ்டுடியோவில் வேலை கொடுத்திருந்தேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

கொடுத்தது ஐயாவின், அதாவது என் தாத்தாவின், காலேஜ் ஃபுட்பால் டீம் குரூப் போட்டோ. எங்கள் வீட்டு வளவில் கதவு நிலைக்கு மேலே சாய்த்து மாட்டியிருந்தது, மழை ஓதம் ஏறி படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஓரமெல்லாம் பூஞ்சை. முன்னால் இருக்கும் சிலேட்டில் 1952-53. அந்த சீசனில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. கேலி செய்தால் ஐயா விடமாட்டார், "இந்தியாவே பத்து கோல் வாங்கிட்டு வந்த வருஷம்டா, நாங்க அஞ்சு வாங்குனா என்ன" என்பார். உண்மைதான், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் நாம் தோற்றது 10-1. நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு அந்தக் குளிரில் ஆடினார்கள். 1948 லண்டனில் அதே வெறுங்காலோடு பிரான்சிடம் 2-1 வரை வந்து, அதுவும் இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டுத் தோற்றவர்கள்தான் நாம்.

முதலில் நல்லது. கண்ணாடியைப் பிரிக்கவே இல்லை, பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும் என்று சொல்லி அப்படியே ஸ்கேன் எடுத்தார்கள், இது தெரிந்த ஆள் செய்யும் வேலை. பூஞ்சைப் புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை, கிழிந்த மூலையையும் பின்னால் இருந்த மரத்தையும் கையாலேயே வரைந்து சேர்த்திருந்தார்கள்.

அப்புறம்தான் வம்பு. கலர் ஏற்றுகிறேன் என்று ஏதோ ஏஐ சாஃப்ட்வேரில் போட்டிருக்கிறார்கள், அது பாட்டுக்கு எல்லார் முகத்தையும் வழவழவென்று மாற்றி, பின்வரிசையில் மங்கலாக இருந்த கோல்கீப்பருக்கு யாரோ சினிமாக்காரர் மூஞ்சியை வைத்து, முன்வரிசையில் வெறுங்காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் பளபளவென்று பூட்ஸ் மாட்டிவிட்டிருக்கிறது. ஐயாவுக்கு இடது கால் கட்டைவிரல் நகம் கடைசிவரை கோணலாகத்தான் இருந்தது, பழைய படத்தில் அது தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் பூட்ஸ்! அப்பத்தாவிடம் காட்டினால், "இது யாருடா, இவுகளுக்கு ஏது பூட்ஸு" என்று கேட்டுவிட்டார்.

இதில் கடைத் தம்பி வேறு, "நடுவுல ஸ்டூல்ல வெறும் பந்து மட்டும் இருக்குண்ணே, கப் ஒண்ணு வச்சுரலாமா?" என்கிறார். தோற்ற டீமுக்கு ஏதப்பா கப்?

ஆனால் முகத்தைச் சுளிக்காமல் திரும்பச் செய்து கொடுத்தார்கள், எக்ஸ்ட்ரா காசும் கேட்கவில்லை. கருப்பு வெள்ளையிலேயே, சாஃப்ட்வேர் தொடாமல், வெறுங்காலும் நகமும் அப்படியே இருக்க, மேட் பேப்பரில் 12க்கு 18 சைஸ். ஃப்ரேமோடு 1,800 ரூபாய், வேலைக்கு இது நியாயமான விலைதான். ஃப்ரேம் மட்டும் சுமார், பின்பக்க அட்டை மெலிசு, ஓதம் ஏறும் வீட்டுக்கு ஆகாது, நான் வேறு இடத்தில் மாற்றிக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போகிறவர்கள் "கலர் வேண்டாம், முகத்தில் கை வைக்கக் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், பிரிண்ட் போடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள், திருத்தாத ஸ்கேனையும் பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருவார்கள்.