குளியல் துண்டு: தினமும் துவைப்பதா, வாரம் ஒருமுறை போதுமா?

குளித்து முடித்த சுத்தமான உடம்பைத்தானே துடைக்கிறோம், துண்டு எப்படி அழுக்காகும் என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இறந்த தோல் செல்களும் எண்ணெய்ப் பசையும் கிருமிகளும் துண்டில் ஒட்டத்தான் செய்யும். கூடவே ஈரமும் தங்கிவிட்டால் கிருமிகள் பெருகும். அப்படியானால் எப்போது துவைப்பது? பொதுவாக மூன்று பதில்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, தினமும். சுத்தத்தில் இதை மிஞ்ச முடியாதுதான். ஆனால் நான்கு பேர் உள்ள வீட்டில் தினம் நான்கு துண்டு என்றால் தண்ணீர், சோப்பு, உழைப்பு எல்லாமே கூடும், துண்டும் சீக்கிரம் நைந்துபோகும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இது தேவையில்லை. படர்தாமரை, சிரங்கு, கண்வலி என்று யாருக்காவது வந்திருந்தால் மட்டும் பேச்சே வேறு. அவருக்குத் தனித் துண்டு, தினமும் துவையல், துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில். இதில் சோம்பல் கூடாது.

அடுத்தது, வாரம் ஒருமுறை. ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது என்பதால் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒருவேளை குளிப்பவரின் துண்டு வாரத்தில் 7 முறை நனைகிறது, இருவேளை குளிப்பவருடையது 14 முறை. இரண்டுக்கும் ஒரே கெடு வைப்பது எப்படிச் சரியாகும்?

அதனால் மூன்றாவது பதிலான, நாள் கணக்கை விட்டுவிட்டுக் குளியலை எண்ணுவதே மேல். மூன்று முதல் ஐந்து முறை பயன்படுத்தியதும் துவைக்கச் சொல்கிறது, சோப்பு போன்ற துப்புரவுப் பொருள் தயாரிப்பாளர்களின் சங்கமான அமெரிக்கன் கிளீனிங் இன்ஸ்டிடியூட். நான் மூன்று, நான்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அதுவும் ஒவ்வொரு முறையும் துண்டு முழுதாகக் காய்ந்தால்தான். ஆணியில் மாட்டிய தேங்காய்ப்பூத் துண்டைத் தொட்டுப் பாருங்கள்: வெளிப்பக்கம் மொறமொறவென்று இருக்கும், மடிப்புக்குள்ளும் தடித்த கரையிலும் ஈரம் அப்படியே இருக்கும். கொடியில் அகலமாக விரித்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. மெல்லிய பருத்தித் துண்டு இன்னும் வேகமாகக் காயும். குளியலறைக்குள்ளேயே தொங்கும் துண்டுக்கு இரண்டு குளியலே அதிகம்.

வாடை வந்துவிட்டால் எண்ணிக்கையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே துவைத்துவிடுங்கள். சரியாகக் காயாத துணியில் வரும் முடை நாற்றத்துக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். காய்ந்த துண்டில் ஒன்றும் தெரியாமல், நனைந்ததும் வாடை கிளம்பினால் அது துவைத்தும் போகாத கிருமி. அப்போது வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனரைக் கூடுதலாக ஊற்றாதீர்கள். இழையில் அது படிந்துவிட்டால் துண்டு தண்ணீரை உறிஞ்சாது.