குன்னூரில் வட்டு வாங்குவோருக்கு: டி.வி.டி., புளூ-ரே, 4கே

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்காவது மண் சரிந்து கேபிள் அறுந்துவிட்டால் இணையம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாத குன்னூர், கோத்தகிரிப் பகுதி வீடுகளில், படம் பார்க்க வட்டு வைத்திருப்பதில் இன்றும் பொருள் இருக்கிறது. புதிதாக வாங்குவோருக்கு என் பரிந்துரை சாதாரண புளூ-ரே பிளேயர்தான். அதிலேயே பழைய டி.வி.டி.களும் ஓடும் என்பது பாதிக் காரணம். 2007இல் மோசர் பேர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டி.வி.டி. விற்கத் தொடங்கியபின் நம் வீடுகளில் சேர்ந்த தமிழ்ப் படங்களில் பல, இதுவரை புளூ-ரேயில் வரவில்லை.

மீதிக் காரணம் படத்தின் தெளிவு. இந்தியாவில் வழங்கும் பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறைக்கான டி.வி.டி.யில் ஒரு சட்டகத்துக்கு 720க்கு 576 பிக்சல்கள். புளூ-ரேயில் 1920க்கு 1080, அதாவது சரியாக ஐந்து மடங்கு. மூடுபனி, புகை, இருட்டு வரும் காட்சிகளில் டி.வி.டி. கட்டம் கட்டமாகச் சிதைவதையும், ஓர் அடுக்கிலேயே 25 ஜிகாபைட் கொள்ளும் புளூ-ரே அவற்றைத் தாங்கிக்கொள்வதையும் நடுத்தரத் தொலைக்காட்சியிலேயே காணலாம். 4கே வட்டில் பிக்சல்கள் மேலும் நான்கு மடங்கு. ஆனால் 43 அங்குலத் திரையை எட்டடி தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கு அந்த நான்கு மடங்கு பெரும்பாலும் வீண். 4கே வட்டுகளில் வரும் எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் நுட்பம்) தரும் ஒளி வீச்சு உண்மையான ஆதாயமே எனினும், அதை வெளிப்படுத்தும் அளவுக்குப் பிரகாசமான திரை வேண்டும். தமிழ்ப் படங்களோ 4கே வட்டில் மிக அரிது. என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் நல்ல ஒலிபெருக்கி வாங்கலாம்.

பழைய பொருள் கடையில், ஒரு காலத்தில் புளூ-ரேயுடன் போட்டியிட்ட எச்.டி. டி.வி.டி. வடிவத்துக்கான பிளேயர் மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்ததும், மறுமாதமே தோஷிபா அந்த வடிவத்தைக் கைவிட்டது. அந்த வட்டுகள் புளூ-ரே பிளேயரில் ஓடா.

நம் ஊர் ஈரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். புளூ-ரேயின் தரவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் அதன்மேல் கடினப் பூச்சு இடுகிறார்கள், 0.6 மில்லிமீட்டர் ஆழம் கொண்ட டி.வி.டி.யைவிட அது கீறலைத் தாங்குகிறது. பூசணம் முதலில் பிடிப்பது காகித உறையைத்தான். ஆகவே உறையை எடுத்துவிட்டு, வட்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் நிறுத்தி வைக்கவும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கவும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் பிளேயர் கொண்டுவருவதாகச் சொன்னால் யோசித்துச் சம்மதியுங்கள். வட்டுகளையும் பிளேயர்களையும் உலகின் பகுதிவாரியாக மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டுவது உண்டு. அங்கு புளூ-ரே மண்டலம் ஏ, டி.வி.டி. மண்டலம் 1; இந்தியாவுக்கு முறையே சி, 5. மண்டலப் பூட்டுள்ள இந்திய வட்டுகள் அதில் ஓடா. 4கே வட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது என்பது அவற்றின் பக்கம் இருக்கும் ஒரு நியாயம்.