டிகாக்ஸின், மெட்டோபிரோலால், டில்டியாசெம்: செவிலியர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்) தாறுமாறாக ஓடும் இதயத்தின் வேகத்தைக் குறைக்க, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எழுதுவார்கள். எதை எழுதுவது என்பது மருத்துவர் பாடு. கொடுக்கும் முன்னும் பின்னும் கவனிப்பது செவிலியர் பாடு. மூன்றுக்கும் பொதுவாகச் சொல்லித் தரும் விதி ஒன்றுதான்: பெரியவருக்கு நாடி 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் கேள். சரி, ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் மூன்றுமே மூன்று விதமாக ஏமாற்றும்.

எண்ணும் விதமும் முக்கியம். இந்த நோயாளிகளுக்குச் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேர்வதே இல்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது.

அதிகக் கண்காணிப்பு கேட்பது டிகாக்ஸின்தான், சந்தேகமே இல்லை. அது வந்த ஃபாக்ஸ்குளோவ் செடி இனத்தைப் பற்றி வில்லியம் விதரிங் 1785-இல் எழுதியபோதே நஞ்சின் அறிகுறிகளையும் சேர்த்தே எழுதினார். இதயச் செயலிழப்பில் இன்று குறிவைக்கும் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை. அவ்வளவு குறுகிய இடைவெளி. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தாலே ரத்தத்தில் இதன் அளவு பாதியாக ஒன்றரை நாளாவது ஆகும். பொட்டாசியம் இறங்கிவிட்டால், அளவு சரியாக இருந்தும் நஞ்சாகலாம். கூடவே ஃபியூரோசமைடு (சிறுநீரைப் பெருக்கி, பொட்டாசியத்தையும் வெளியேற்றும் மருந்து) போகிறதா என்று பாருங்கள். முதியவர் 'சாப்பாடு வேண்டாம்' என்று தட்டைத் தள்ளுவது, குமட்டல், புதிதாக வந்த குழப்பம், பார்வையில் மஞ்சள் சாயல் இவையெல்லாம் நாடி குறையும் முன்பே வரலாம். இன்னொரு பொறி: ஒழுங்கற்றிருந்த துடிப்பு திடீரென மெதுவாகவும் சீராகவும் ஆனால் மகிழ்ந்துவிடாதீர்கள், உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் நஞ்சேறியதன் அடையாளமாக இருக்கலாம். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுப்பதானால், மாத்திரை கொடுத்து ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். முன்பே எடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் இதை ஏன் வைத்திருக்கிறார்கள்? ரத்த அழுத்தத்தை இறக்காது என்பதால்தான். ஆனால் படுத்திருக்கும்போது அடங்கும் வேகம், எழுந்து நடந்தால் மறுபடி ஏறிவிடும்.

அந்த இடத்தில் மெட்டோபிரோலால் நன்றாக வேலை செய்யும். விலையாக அழுத்தத்தை இறக்கும்; எனவே நாடியோடு பிபியும் பார்த்தே கொடுக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் மூச்சில் வீசிங் வருகிறதா என்று கேட்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களிடம் கூடுதல் கவனம் தேவை: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே வியர்த்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள். வீட்டுக்குப் போகும்போது அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம்.

டில்டியாசெம் ஆஸ்துமாக்காரர்களுக்கு வசதி. கணுக்கால் வீக்கம், தலைவலி, மலச்சிக்கல் வரும், பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் இதயத்தின் பம்ப் பலவீனமானவருக்கு இதைத் தவிர்ப்பதே வழக்கம். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம்) குறைவாக இருந்து, சீட்டில் டில்டியாசெமும் இருந்தால், கொடுப்பதற்கு முன் ஒரு போன் போடுவதில் தவறே இல்லை. மெட்டோபிரோலாலும் டில்டியாசெமும் அடுத்தடுத்து ஊசியாக எழுதப்பட்டிருந்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து இதயத்தின் மின்தடத்தையே அடைத்துவிடலாம்.

மூக்குக் குழாய் வழி உணவு எடுப்பவர் என்றால் இன்னொரு கேள்வி. மெல்லக் கரையும் மெட்டோபிரோலாலையோ டில்டியாசெமையோ பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். பொடிக்காமல் மாற்று வடிவம் கேளுங்கள்.