1/72 மென்பிளாஸ்டிக் படை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

1782 ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தாரே, அந்தப் பிரெஞ்சுப் படையைச் சின்னச் சிப்பாய்ப் பொம்மைகளாக மேசைப் போர் விளையாட்டில் இறக்க நண்பர் ஒருவர் திட்டம் போடுகிறார். 1/72 அளவு (நிஜ ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) மென்பிளாஸ்டிக்கிலேயே எடுக்கலாமா என்று கேட்டார். எதிர்ப்பக்கத்துச் சிவப்புக் கோட்டுப் படை என்னிடம் அதே அளவில்தான் நெடுநாளாக இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்கிறேன். விலை மலிவு, பார்சல் பாரமில்லை, நிலத்தில் விழுந்தாலும் உடையாது. அமெரிக்க சுதந்திரப் போருக்கென்று வரும் பெட்டிகள் இதே காலத்து உடுப்புத்தான், இரண்டு பக்கத்துக்கும் அதிலேயே ஆள் எடுக்கலாம். முக வார்ப்பும் அருமை.

ஆனால் அந்தப் பெயிண்ட்! மெழுகு பூசினது மாதிரி வழுக்கும் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக் இது, பெயிண்ட் பிடிக்காது. உடம்பில் எப்படியோ நின்றுவிடும், துவக்கில் நிற்காது, ஏனென்றால் விரல் பட்டதும் குழல் வளைகிறது, மேலே காய்ந்த அக்ரிலிக் பெயிண்ட் வளையாது. பயனெட் (துவக்கு முனைக் கத்தி) தொடங்கும் இடத்தில் முதலில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரியும். நகம் பட்டால் போதும், பாம்புச் சட்டை மாதிரி முழுதாகக் கழன்று வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, பிவிஏ பசை (வெள்ளை மரப்பசை) பூசி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, மேலே வார்னிஷும் போட்டாயிற்று. இருந்தும் ஒவ்வொரு ஆட்டம் முடியவும் முன்வரிசையைத் திரும்பத் தீட்ட வேண்டும். விசர்தான் வருகிறது.

எங்கள் ஊர்க் காலநிலையும் சேர்ந்துகொள்ளும். கச்சான் என்ற வரண்ட காற்று அடிக்கும் மாதங்களில் ஸ்பிரே பிரைமர் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி விழும், மாரியில் வார்னிஷ் பால் நிறமாகிவிடும். மாசி, பங்குனிக் காலைகள்தான் சரி.

உலோகப் பொம்மைகளிலும் முனையில் பெயிண்ட் தேயும், அதை மறைக்கவில்லை. ஆனால் உரிந்து வராது.

அதனால் என் பதில்: எடுக்காதீர்கள். பிரெஞ்சுக் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு, வெள்ளைக்கு நாலைந்து பூச்சு வேண்டும், பூச்சு தடிக்கத் தடிக்க உரிவதும் கூடும். அதோடு, சில நாட்களில் கோட்டை சரணடைந்த முற்றுகை இது. காலாட்படையைக் குவிக்கத் தேவையில்லை, பீரங்கியும் நீலக் கோட்டு பீரங்கிக்காரரும்தான் முக்கியம். ஆள் குறைவென்றால் மலிவு விலையால் பெரிய லாபமுமில்லை. 20 மில்லிமீட்டர் உயர உலோகப் பொம்மைகளாக எடுங்கள், அளவு கிட்டத்தட்ட ஒத்துவரும், என் ஆட்களோடு ஒரே மேசையில் நிறுத்தலாம்.